ஒரே கடை, மூன்று டேட்டாபேஸ்

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும், என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் புது மெஷினுக்கு மாறினார்கள். அதில் ஒருவர் ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. மாறிப் பத்து நாள்கூட ஆகவில்லை, காலையிலேயே போன்.

"தம்பி, நான் போட்ட பில்லு பையன் உக்காந்தா காணோம். அவன் போட்டது நான் உக்காந்தா காணோம். உள்ள பேய் கீய் இருக்கா?"

சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) நான் எழுதிய பில்லிங் மென்பொருள் அது, கணக்கு இருப்பது மைக்ரோசாஃப்ட் அக்சஸ் டேட்டாபேஸில். எக்ஸ்பியில் பல வருடம் ஒரு புகார் இல்லை. கடையில் ஒரே மெஷின், ஆனால் இப்போது அப்பாவுக்கு ஒரு லாகின், பையனுக்கு ஒரு லாகின். நானும் எல்லோரும் செய்கிற வேலையைத்தான் செய்தேன்: ஐகானை ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கிப் பார்த்தேன். திறந்தது. அதில் அப்பா பில்லும் இல்லை, பையன் பில்லும் இல்லை. நான் இன்ஸ்டால் செய்த நாளோடு கணக்கு நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கு வியர்த்தது.

நடந்தது இதுதான். டேட்டாபேஸ் கோப்பை நான் மென்பொருளோடு சேர்த்து புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து, சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள் அங்கே எழுத முடியாது. ஆனால் பழைய மென்பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் செத்துவிடக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஒரு குறுக்கு வழி வைத்தது. தனக்கு என்ன உரிமை வேண்டும் என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் குறிப்பு இல்லாத 32 பிட் மென்பொருள் அங்கே எழுதப் போனால், விண்டோஸ் சத்தமில்லாமல் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அந்தந்த லாகினுக்கென்று தனியாக இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டரில் வைத்துவிடும். அதன் பிறகு அந்த லாகினுக்கு அந்த நகல்தான் டேட்டாபேஸ். மென்பொருளுக்கு இது தெரியாது. எழுதினேன், எழுதியாயிற்று என்று நம்பிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அசல் ஒன்று. ஆக, ஒரே கடைக்கு மூன்று கணக்கு.

இரண்டு பேருமே இன்ஸ்டால் நாளின் கடைசி பில் எண்ணிலிருந்து தொடங்கியிருந்ததால், ஒரே எண்ணில் இரண்டிரண்டு பில். அதைச் சேர்த்து ஒழுங்குபடுத்த எனக்கு மூன்று ராத்திரி ஆனது. அதைவிடக் கொடுமை பேக்கப். நான் எழுதிக் கொடுத்த சின்ன பேட்ச் ஃபைல், தினமும் கடை அடைக்கும்போது டேட்டாபேஸைப் பென் டிரைவுக்கு நகல் எடுக்கும். அது எடுத்ததெல்லாம் புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த அசலை. பத்து நாளும் ஒரே கோப்பு, ஒரே அளவு, ஒரே தேதி. பையன் கல்லாவில் உட்காராமல் இருந்திருந்தால், ஹார்டு டிஸ்க் போகிற அன்றைக்குத்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்திருக்கும்.

உங்கள் மென்பொருளிலும் இந்த வித்தை நடக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கம் போய், மேலே தலைப்பில் ரைட் கிளிக் செய்தால் 'யூஏசி விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு பத்தியை (நெடுவரிசையை) சேர்க்கலாம். உங்கள் மென்பொருளுக்கு நேரே 'எனேபிள்டு' என்று இருந்தால், இன்றைக்கே விர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள். எல்லா லாகினுக்கும் பொதுவான டேட்டா என்றால் புரோகிராம்டேட்டாவில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, இன்ஸ்டால் ஆகும்போதே அதற்கு எழுதும் உரிமையும் கொடுத்துவிட வேண்டும். உரிமை கொடுக்க மறந்தால், ஒருவர் உருவாக்கிய கோப்பை இன்னொருவரால் திருத்த முடியாமல் அது தனித் தலைவலி. அவரவர் அமைப்புகள் மட்டும் ஆப்டேட்டாவில் இருக்கட்டும். 'எப்பவும் அட்மினாத் திறங்க அண்ணாச்சி' என்பதைத் தீர்வாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். வாசல் பூட்டு சரியில்லை என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது.

இவ்வளவு நாள் இது ஏன் எனக்குத் தெரியவில்லை? என் மெஷினில் நான் அட்மின், ஒரே லாகின், விஷுவல் ஸ்டுடியோவோடு வந்த நூற்றெட்டு லைப்ரரியும் உள்ளே. அங்கே ஓடாத மென்பொருள் எங்கேயும் ஓடாது. அங்கே ஓடுவதால் வேறெங்கும் ஓடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

விர்ச்சுவல்ஸ்டோரில் எர்ரரே வராது. ஆனால் எர்ரர் வருகிற பிழைகளும் என் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மென்பொருள் முழுக்க 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று எழுதி வைத்திருந்தேன். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று அர்த்தம். இன்றைக்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதுகிற பையன்கள் அதையே காலி 'கேட்ச்' ஆக, அதாவது பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாத வரியாக, எழுதுகிறார்கள். வாடிக்கையாளருக்கு எர்ரர் பெட்டி வராது, உண்மைதான். எனக்கும் எதுவும் தெரியாது. இப்போது என்னிடம் வேலைக்கு வருகிற யாரும் காலி கேட்ச் எழுதினால், அன்றைக்கு டீ அவர் செலவு.

மென்பொருள் 'திறக்கவே மாட்டேங்குது' என்று போன் வந்தால் முதலில் விண்டோஸ் நடந்ததைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லுங்கள். அப்ளிகேஷன் லாகில் 1000 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும், எந்த மாட்யூலில் விழுந்தது என்று சொல்லும். டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது என்றால் அதோடு 1026 எண்ணில் இன்னொன்று வரும். என்ன பிழை (எக்ஸப்ஷன்), எந்த ஃபங்ஷன் என்று முழு வரிசையும் அதில் இருக்கும். சிக்கித் தொங்கிப் போனால் 1002. இதைப் பார்க்காமலேயே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போடுகிறவர்கள்தான் அதிகம். அதிலும் விடை இல்லையென்றால் மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள பிராசஸ் மானிட்டர். இலவசம்தான். உங்கள் மென்பொருள் தொடுகிற ஒவ்வொரு கோப்பையும் விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியின் ஒவ்வொரு சாவியையும் வரி வரியாகக் காட்டும். 'ஆக்சஸ் டினைடு', 'நேம் நாட் ஃபவுண்டு' என்ற முடிவுகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். விர்ச்சுவல்ஸ்டோர் விஷயம் எனக்குப் பிடிபட்டது அதில்தான். டேட்டாபேஸைத் திறக்கிற வரிக்குப் பக்கத்தில் 'ரீபார்ஸ்' என்று இருந்தது. அதாவது, வேறு இடத்துக்குத் திருப்பிவிடப்பட்டது.

டிஎல்எல் (மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) காணோம் என்ற புகாரைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஒரு எச்சரிக்கையோடு. 'விசிரன்டைம்140 இல்லை' என்று பெட்டி வந்தால் அந்த ஒரு டிஎல்எல்லை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம்32-இல் போடாதீர்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணுகிற தம்பிகள் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். யாரோ ஒருவர் கொடுக்கிற, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத கோப்பை விண்டோஸின் நடுவீட்டில் உட்கார வைக்கிறோம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இன்ஸ்டால் செய்தால் போதும். உங்கள் இன்ஸ்டாலரிலேயே அதைச் சேர்த்துவிட்டால் இந்தப் போனே வராது. இன்னொன்று, 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டர்தான் 64 பிட் கோப்புகளுக்கு. 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-க்குள் இருக்கும். பெயர் தலைகீழ், யோசித்துக் குழம்ப வேண்டாம், அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். எக்செல் கோப்பிலிருந்து டேட்டாவை இழுக்கும்போது 'புரொவைடர் (அதைப் படிக்கும் துணை மென்பொருள்) பதிவாகவில்லை' என்று வந்தாலும் அனேகமாக இதே பிட் கதைதான்: மென்பொருள் 64 பிட், மெஷினில் இருக்கிற ஆபீஸ் 32 பிட்.

தேதிக்கு வருவோம். புது விண்டோஸ் போடும்போது ரீஜியனை மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் அமெரிக்க முறைதான் இருக்கும், மாதம் முதலில். வாடிக்கையாளர் 05/03 என்று தட்டுகிறார், மார்ச் 5 என்ற நினைப்பில். மென்பொருள் அதை மே 3 என்று எடுத்துக்கொள்கிறது. எந்த எர்ரரும் இல்லை. 13-ஆம் தேதி வந்ததும் 13-வது மாதம் ஏது என்று டாட்நெட் கத்தும். 'மாசா மாசம் 13-ஆம் தேதி ஆனா சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுது சார்' என்று ஒரு கடையில் நிஜமாகவே சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தால், மக்கர் பண்ணிய நாள்தான் நல்ல நாள். முதல் 12 தேதிகளின் பில்கள்தான் வேறு வேறு மாதங்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் ஆடிட்டர் அந்தக் கடைக்காரரிடம் என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது. தேதியை எழுத்தாகச் சேமிக்காதீர்கள், தேதி வகைப் பத்தியிலேயே வையுங்கள். டேட்டாபேஸுக்குப் போகும் வினவலுக்குள் எழுத்தாக ஒட்டாமல், தனி மதிப்பாக (பாராமீட்டராக) அனுப்புங்கள். எழுத்திலிருந்து படித்தே ஆகவேண்டும் என்றால், எந்த வடிவம் என்று வெளிப்படையாகச் சொல்லும் டாட்நெட்டின் 'பார்ஸ்எக்ஸாக்ட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், உறைந்து போகிற திரை. ஒரு ஜன்னல் ஐந்து நொடிக்குமேல் விண்டோஸ் அனுப்பும் தகவலை வாங்கவில்லையென்றால், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதி வெளுத்துக் காட்டும். பிரின்டர் ஆஃப் ஆகியிருக்கும், அல்லது சர்வர் மெஷினை யாரோ அணைத்திருப்பார்கள். திரையை வரைகிற அதே திரெட்டில் (வேலை ஓடும் தடத்தில்) நாம் காத்துக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு காலத்தில், காத்திருக்கும் மற்ற வேலைகளையும் கவனி என்று சொல்லும் 'டூஈவென்ட்ஸ்' வரியைப் போடுவோம். திரை உயிர் பெறும். பட்டனும் உயிர் பெறும், அதுதான் வினை. சேவ் பாதியில் இருக்கும்போது கேஷியர் பொறுமை இழந்து மறுபடி சேவ் பட்டனை அழுத்துவார், முதல் சேவ் முடியாமலேயே இரண்டாவது உள்ளே நுழையும், ஒரே சரக்குக்கு இரண்டு பில். திரையை நிறுத்தாமலேயே காத்திருக்க உதவும் 'அசின்க் அவெயிட்' வந்த பிறகு இதற்குச் சாக்கே இல்லை. ஆனால் அதிலும் முதல் வரியில் பட்டனை முடக்குங்கள்.

எனக்குப் பிடித்த பிழை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒரு துணிக்கடையில் தீபாவளிக்கு மட்டும் வந்ததைச் சொல்வேன். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடும். தீபாவளி வாரத்தில் காலை இருபது பில் தாண்டியதும் திரையில் கட்டங்கள் பாதி வரையாமல் நின்று, மென்பொருள் விழும். மூடித் திறந்தால் சரியாகிவிடும், இன்னொரு இருபது பில். ரேம் நிறைய மிச்சம் இருந்தது. கூட்டம் அதிகம், நெட்வொர்க்கில் லோடு என்று நானே கடைக்காரருக்குக் கதை சொல்லி அனுப்பினேன்.

டாஸ்க் மேனேஜரில் 'ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்' பத்தியைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. திரையில் படம், கோடு வரைய விண்டோஸ் கொடுக்கும் ஜிடிஐ பொருள்களை ஒரு மென்பொருள் வழக்கமாக 10,000 வரைதான் வைத்திருக்க முடியும். பில்லில் ஒவ்வொரு வரிக்கும் துணியின் சின்னப் படம் காட்டினோம். அதற்காக டாட்நெட்டின் 'கெட்எச்பிட்மேப்' கட்டளையை அழைத்தோம். அது கொடுக்கும் பொருளை 'டெலீட்ஆப்ஜெக்ட்' கொண்டு நாமேதான் விடுவிக்க வேண்டும், டாட்நெட் செய்யாது. நாங்களும் செய்யவில்லை. புது வரி ஒன்று சேரும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் மறுபடி வரைந்தோம். ஐந்து வரி பில் என்றால் 1+2+3+4+5, மொத்தம் 15 பொருள்கள் விடுவிக்கப்படாமல் கசிந்தன. 10,000-ஐத் தொட 600 பில்லுக்குமேல் வேண்டும். அதற்குள் கடை அடைத்துவிடுவார்கள். தீபாவளிக்குக் குடும்பத்தோடு வந்து முப்பது உருப்படி எடுக்கிறார்களே, அந்த ஒரு பில்லுக்கு 465. இருபத்தோரு பில்லில் 9,765. மிச்சத்தை மென்பொருளின் சொந்தத் திரைகளே தின்றுவிடும். ஒரு வரியில் சரியானது, இரண்டு தீபாவளி கழித்து.

தமிழில் பெயர் சேமிக்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. யூனிகோடுக்கு முந்தைய மென்பொருள்கள் பயன்படுத்தும் விண்டோஸின் வழக்கமான கோட்பேஜ் (எழுத்து அட்டவணை) எதிலும் தமிழ் கிடையாது. அதனால் யூனிகோடு தெரியாத வழியாகப் போனால் தமிழ் பெரும்பாலும் கேள்விக்குறியாகிவிடும். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸை யூடிஎஃப்-8 முறையில் அமைக்காமல், வார்சார் வகைப் பத்தி வைத்திருந்தாலும், யூனிகோடு தெரிந்த என்வார்சார் வகைப் பத்தியாகவே இருந்து வினவலில் எழுத்துக்கு முன்னால் 'என்' (N) போட மறந்தாலும், இதே கதிதான். நான்கெழுத்து முருகன் ஏழு கேள்விக்குறியாக உள்ளே போவார். துணைக்குறிகளும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனி எழுத்து என்பதால் ஏழு. எர்ரர் வராது, திருப்பி எடுக்கவும் முடியாது. அந்த ஏழு குறிக்குள் முருகன் இருந்தாரா, சுந்தர் இருந்தாரா என்று யாருக்குத் தெரியும்.

இப்போது எங்கள் ஆபீசில் ஒரு பழைய லேப்டாப் தனியாக இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கிடையாது. லாகின் சாதாரண யூசர், அட்மின் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். ரீஜியன் அமெரிக்கா, திரை அளவு 125 சதவீதம். யூசர் பெயரைத் தமிழில், நடுவே ஓர் இடைவெளியோடு 'பழைய கடை' என்று வைத்திருக்கிறேன். ஆப்டேட்டாவுக்குப் போகும் பாதையிலேயே தமிழும் இடைவெளியும் வந்துவிடும் என்பதற்காக. போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி, "என் மெஷின்ல சூப்பரா ஓடுது சார்" என்று பென் டிரைவை நீட்டினான். லேப்டாப்பைக் கைகாட்டினேன். ஐகானை இரண்டு முறை தட்டினான், மறுபடி தட்டினான். ஒன்றும் வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். "ஈவென்ட் வியூவரைத் திற" என்றேன்.