ஆறு ஆறாக 46,656 வரை

ஒரு மொழியைச் சில நூறு, சில ஆயிரம் பேர்தான் பேசுகிறார்கள் என்றால் அதில் எண்ணுப்பெயர்களும் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவோம். நியூகினித் தீவின் தென்பகுதியில் சில மொழிகளுக்கு அது பொருந்தவும் செய்யும். மரிந்த் மொழியில் மூன்று என்று சொல்ல இரண்டையும் ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் யாம் மொழிக்குடும்பத்தில் கதையே வேறு.

பப்புவா நியூகினியின் மோர்ஹெட் ஆற்றுப் பகுதியிலிருந்து எல்லை தாண்டி இந்தோனேசியாவின் மெராவ்கே பக்கம் வரை பரவிய சிறு குடும்பம் இது. நென், கானும், கொம்ன்சோ எல்லாம் இதில் அடங்கும். கொம்ன்சோ பேசுவோர் சுமார் 250 பேர்தான். ஆனால் அதில் 6, 36, 216, 1,296, 7,776, 46,656 ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு: நிபோ, ஃப்தா, தருபா, தம்னோ, வேரேமேக்கே, வீ. நாம் பத்து, நூறு, ஆயிரம் என்று பத்தால் பெருக்கி ஏறுகிறோம். இவர்கள் ஆறால் பெருக்கி ஏறுகிறார்கள். நம்முடைய 1,000 அவர்கள் கணக்கில் நான்கு தருபா, மூன்று ஃப்தா, நான்கு நிபோ, மிச்சம் நான்கு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இவ்வளவு பெரிய எண்கள் எதற்கு? கிழங்குக்கு. வள்ளிக் கிழங்குதான் (ஈழத்தில் இராசவள்ளி என்பார்களே, அந்த வகைக் கிழங்கு) இங்கே சாப்பாடு, சொத்து, கௌரவம் எல்லாம். குவியலை எண்ண இரண்டு பேர் இறங்குவார்கள். ஆளுக்கு மூன்று கிழங்கு எடுத்து, சேர்ந்து நடந்து, புதுக் குவியலில் ஒன்றாக வைப்பார்கள். உடனே 'ஒன்று' என்று உரக்கச் சொல்லப்படும். அந்த 'ஒன்று' ஆறு கிழங்கு. இப்படி ஆறு நடை முடிந்தால் 36. அதற்கு அடையாளமாக ஒரு கிழங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். அடையாளக் கிழங்கு ஆறு சேர்ந்தால் 216. யாரும் பெரிய எண்ணை மனத்தில் சுமக்க வேண்டியதில்லை, எந்த நேரத்திலும் ஆறுக்கு மேல் எண்ணவும் வேண்டாம். ஊரார் முன்னால் நடப்பதால் கணக்கில் கை வைக்கவும் முடியாது!

கையில் ஐந்து விரல்தானே, ஆறு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு இந்த மூன்றும் மூன்றும் நடைதான் நம்பும்படி இருக்கிறது. மானுடவியலாளர் எஃப். ஈ. வில்லியம்ஸ் 1930-களிலேயே இந்தப் பகுதியில் ஆறு ஆறாக எண்ணுவதைப் பதிவு செய்திருக்கிறார்.

மொழியியலாளர்களுக்கு இதில் இன்னொரு லாபம். 216-க்குக் கொம்ன்சோவில் தருபா, நென்னில் தரோம்பா. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பது கேட்டதுமே தெரிகிறது. என்றாலும் இதை மட்டும் வைத்து உறவு என்று முடிவுகட்ட முடியாது. எண்ணும் முறையோடு அதன் சொற்களும் பக்கத்து ஊருக்குக் கடன் போகலாம். அதனால் வினைச்சொற்களின் முன்னொட்டு, பின்னொட்டுகளையும் ஒப்பிட்ட பிறகே இவற்றை ஒரே குடும்பமாகச் சேர்க்கிறார்கள்.