ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்?

பங்குனி மாத அமாவாசை இரவில் போடிமெட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணில் முதலில் படுவது போடியின் விளக்குகள்தான். சற்றுத் தெற்கே திரும்பினால் சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மங்கலான ஆரஞ்சு வெளிச்சம். பால்வீதியின் மையம் எழுவது அந்த வெளிச்சத்துக்கு மேலேதான். முதலில் செக்கச் சிவந்த கேட்டை நட்சத்திரம் வரும். பின்னாலேயே விருச்சிகத்தின் வாலில் மூலம். மார்ச் நடுவில் அதிகாலை நாலு மணிக்கு மையம் தென்கிழக்கில் ஏறக்குறைய 36 பாகை உயரத்தில் நிற்கும். ஜூனில் மழை மேகம் மூடிவிடும் என்பதால் மலைமேல் இருக்கும் எங்களுக்குப் பால்வீதியைப் படம் எடுக்கும் பருவம் இதுதான்.

சூரியநெல்லியில் பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) தம்பி ஒருவன் போன முறை கூட வந்தான். கையில் கேமராவோடு கிடைத்த கிட் லென்ஸ்: 18 மி.மீ., எஃப் 3.5. "அண்ணே, 14 மி.மீ. எஃப் 2.8 வாங்கலாம்னு இருக்கேன். எஃப் எண் சின்னதா இருந்தாப் போதும்ல?" என்றான்.

போதாது. எஃப் எண் என்பது குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் அந்த மி.மீ. எண்) லென்ஸில் ஒளி நுழையும் ஓட்டையின் விட்டத்தால் வகுத்து வரும் எண். அதையே திருப்பிப் போட்டால் ஓட்டையின் அளவு கிடைக்கும். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5.1 மி.மீ. 14-ஐ 2.8-ஆல் வகுத்தால் 5 மி.மீ. இரண்டும் ஒரு மிளகு உருளும் அளவுதான். 24 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஓட்டையோ 17 மி.மீ., நல்ல ஏலக்காய் ஒன்று படுக்கும் அகலம்.

இந்த ஓட்டைக் கணக்கு ஏன் முக்கியம்? நட்சத்திரம் ஒரு புள்ளி. எந்த லென்ஸில் எடுத்தாலும் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் ஒளியைப் பதியும் தகட்டில், ஏறக்குறைய அதே சின்னப் பொட்டாகத்தான் விழும். அந்தப் பொட்டில் சேரும் ஒளியை முடிவு செய்வது ஓட்டையின் பரப்பு. வானத்தின் பின்னணி வெளிச்சம் அப்படியல்ல, அது பரந்து கிடப்பது. அதன் பிரகாசம் எஃப் எண்ணைப் பொறுத்தது. எஃப் 2.8-இல் 14 மி.மீ., 24 மி.மீ. இரண்டிலும் சின்னமனூர் வெளிச்சம் ஒரே அளவுதான் பதியும். ஆனால் 24-இல் நட்சத்திரம் மூன்று மடங்கு பிரகாசமாக வரும். கீழே ஊர் விளக்கு எரியும் எங்கள் வானத்துக்கு இந்த மூன்று மடங்கு பெரிய விஷயம். பால்வீதியின் மங்கல் மேகமும் பரந்த ஒளிதான் என்பதால் அதற்குச் சின்ன எஃப் எண் தேவை. பெரிய ஓட்டை, சின்ன எஃப் எண் இரண்டும் சேர்ந்த லென்ஸையே நான் சொல்வேன்.

தம்பியுடையது ஏ.பி.எஸ்.சி. என்னும் சற்றுச் சின்ன சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா. அதற்கு சிக்மா 16 மி.மீ. எஃப் 1.4 போன்ற ஒன்று பொருந்தும். ஓட்டை 11.4 மி.மீ., கிட் லென்ஸைவிட ஐந்து மடங்கு நட்சத்திர ஒளி. கேமராவை நிமிர்த்தி வைத்தால் மேலும் கீழுமாக 73 பாகை அடங்கும். அடியில் தேயிலைச் சரிவு, நடுவில் பால்வீதி மையம், மேலே இன்னும் இடம். அதைவிட அகலம் வேண்டுமென்று ஆசைப்பட்டால் ஓட்டை சுருங்கும், மையமும் படத்தில் சின்னதாகிப் போகும்.

ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம்? 500-ஐக் குவியத்தூரத்தால் வகு என்று ஒரு பழைய விதி உண்டு. இந்த கேமராவின் சென்சார் சின்னது என்பதால் 16-ஐ 1.5-ஆல் பெருக்கிக் கணக்கிட்டால் 20 வினாடி வரும். நான் அதை நம்புவதில்லை. பூமி சுழல்வதால் வானம் 20 வினாடியில் 300 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை) நகர்கிறது. 16 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் அது 0.023 மி.மீ. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.004 மி.மீ.கூட இல்லை. ஆக நட்சத்திரம் ஆறு பிக்சல் நீளக் கோடாகிவிடும். 10 வினாடி என்றால் மூன்று பிக்சல், கண்ணுக்கு உறுத்தாது. அந்தப் பாதி நேரத்தை ஈடுகட்டத்தான் பெரிய ஓட்டை.

வாங்கும் முன் மூலைகளைப் பாருங்கள். முழுசாகத் திறந்த லென்ஸில் ஓரத்து நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்து, விளக்கடியில் விழுந்த ஈசல் மாதிரி ஆகும். இதைக் கோமா என்பார்கள். ஓட்டையைச் சற்றுச் சுருக்கி எஃப் 2-க்கு இறக்கினால் ஓரளவு அடங்கும். பழைய லென்ஸ் ஒன்றைச் சோதிக்காமல் வாங்கி நான் பட்டிருக்கிறேன். மூன்று மூலையில் புள்ளி, வலது கீழ் மூலையில் மட்டும் ஈசல். உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருந்தது, எஃப் 4-க்கு இறக்கியும் அது சரியாகவில்லை. தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை நான்கு மூலைகளிலும் வைத்து எடுத்துப் பார்த்திருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

ஃபோகஸுக்கு லென்ஸின் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, கேட்டையைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தை மெல்லத் திருப்புங்கள்.

பிறகு பனி. திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் லென்ஸின் முன்பக்கக் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் ஈரக்காற்று பட்டதும் அதில் பனி படியும். துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி படியும். பவர் பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டை ஒன்றை லென்ஸைச் சுற்றிக் கட்டிவிட்டால், விடிந்து நட்சத்திரங்கள் மங்கும்வரை கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.