வண்டி எப்போது சூடாகிறது?

"வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்று போய் நின்றால், விவரமான மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே "எப்போ ஆகுது?" என்று கேட்பார். கோளாறு எங்கே என்பது பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

சிக்னலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, ஓட ஓட இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நின்ற வண்டிக்கு ஃபேன்தான் காற்றை இழுத்துத் தர வேண்டும். மாறாக, வேகத்திலும் மலையேற்றத்திலும் சூடேறினால் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரில் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். எஞ்சின் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட்; அதற்குள் இருப்பது மெழுகு. பல வண்டிகளில் 82 முதல் 90 டிகிரிக்குள் அது உருகி விரிந்து வால்வைத் திறக்கும். திறக்காமல் சிக்கிக்கொண்டால் முள் உச்சியில் நிற்கும், ரேடியேட்டரின் அடி ஹோஸ் மட்டும் சூடேறாமலே இருக்கும்.

பலரும் கவனிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. அதுவும் குக்கர் வெயிட் மாதிரிதான். உள்ளிருக்கும் ஸ்பிரிங், வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. அதனால் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 120 வரை கொதிக்காமல் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடும். மலையேறும் வண்டிக்கு இந்த மூடி எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைக் கழற்றி, அடியிலுள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்துங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். தயவுசெய்து திறக்காதீர்கள்.

போர் தண்ணீரும் ஊற்றாதீர்கள். கீசரில் படியும் அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட் திரவத்தில் துரு பிடிக்காமல் காக்கும் மருந்தும் உண்டு. அது நாளாக ஆகத் தீர்ந்துபோவதால்தான் குறித்த காலத்தில் மாற்றச் சொல்கிறார்கள்.

முள்ளை மட்டும் நம்பவும் முடியாது. தண்ணீர் அடியோடு வற்றினால் சென்சார் வெறும் ஆவியில் நின்று, சூட்டைக் குறைத்தும் காட்டலாம். காலையில் வண்டி எடுக்கும் முன் கூலன்ட் டேங்கில் அளவைப் பாருங்கள். ஒழுகலே இல்லாமல் அடிக்கடி குறைந்தால் ஆயில் மூடியையும் திறந்து பாருங்கள். அடியில் பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் எஞ்சினில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்; வண்டியை ஓட்டிப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.