கங்காரு கேர் என்றால் மாரணைப்பு

எடை குறைந்து பிறந்த பிள்ளையின் தாயிடம் ஆஸ்பத்திரியில் 'கங்காரு கேர் குடுங்கம்மா' என்பார்கள். எழுத்தில் அது 'கங்காரு தாய் பராமரிப்பு'. பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைவு. அப்படிப்பட்ட குழந்தையை வெறும் மேனியாகத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பது, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பது, வீடு திரும்பிய பின்னும் எடையைத் தொடர்ந்து பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இச்சொல்லின் முழுப்பொருள்.

'கங்குரு' என்பது ஆஸ்திரேலியாவின் குகு யிமிதிர் மக்கள் மொழியில் ஒருவகைக் கங்காருவின் பெயர். 1770-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் அங்குள்ள என்டெவர் ஆற்றங்கரையில் பழுதுபார்க்க நின்றபோது ஆங்கிலத்துக்குப் போனது. மருத்துவத்துக்குள் அது நுழைந்த இடம் கொலம்பியாவின் பொகோட்டா, ஆண்டு 1978. பிள்ளையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் பற்றாமல், ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கிடத்தித் தொற்று பரவிய நிலையில், எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர் தாயின் மார்பையே பெட்டியாக்கினார். கங்காருக் குட்டி ஒரு கிராம்கூட இல்லாமல் பிறந்து பைக்குள்தான் வளர்கிறது. பெயர் அதனால் வந்தது.

வேறு வழியில்லாமல் தொடங்கியதுதான் பிறகு சிறந்த வழியென்று தெரிந்தது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளை, உடல்நிலை தேறட்டும் என்று காத்திராமல் பிறந்த கையோடு அணைத்து வைத்தார்கள். முதல் 28 நாளில் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'கங்காரு' என்றதும் மனத்தில் வருவது பை. அதனால் சட்டைக்கு மேலேயே துணியில் கட்டிச் சுமப்பவர்கள் உண்டு. அதில் சூடு போய்ச் சேராது. 'தாய்' என்றதால் அப்பாவும் பாட்டியும் ஒதுங்கிவிடுகிறார்கள்; அவர்களும் அணைக்கலாம். 'மாரோட அணைச்சுக்கோ கண்ணு' என்று சேலத்துப் பாட்டிமார் சொல்வதில் செய்முறையே இருக்கிறது. ஆகவே 'மாரணைப்பு' என்பதே எங்கள் தேர்வு. பாலையும் தொடர் கவனிப்பையும் சேர்த்துச் சொல்லும்போது 'மாரணைப்புப் பராமரிப்பு' எனலாம்.

பிள்ளைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, கால்களைத் தவளைபோல் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, முகவாயைச் சற்றே உயர்த்த வேண்டும். தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுக்குழல் அடைபடும். அதிகம் கவனிக்க வேண்டிய பிழை இதுதான். இருவரையும் சேர்த்துக் கட்டும் பருத்திச் சேலைத் துண்டின் மேல் விளிம்பு பிள்ளையின் காதுக்குக் கீழே நிற்கட்டும். பிள்ளையின் வயிற்றில் இறுக்கினால் மூச்சு விட முடியாது. தாய் சாய்ந்து உட்காரலாம். ஒரு தடவைக்கு 1 மணி நேரமாவது வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. 'கைச்சூடு பழகிடும், கீழே போடு' என்று பெரியவர்கள் தடுப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்தச் சூடுதான் மருந்து.

சேர்வராயன் மலையில் இது இன்னும் அவசரம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். தோலுக்கடியில் கொழுப்பில்லாத பிள்ளை மார்கழிக் குளிரில் வழியிலேயே சில்லிட்டுப் போகும். சூடு குறைந்தால் ரத்தத்தில் சர்க்கரையும் இறங்கும். இன்குபேட்டர் இல்லாத வண்டியில் மாரணைப்பிலேயே கொண்டுவரலாம். புறங்கையால் பிள்ளையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லிட்டிருந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலோ, அணைத்தபடியே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

எடை 2.5 கிலோவை நெருங்கும்போது பிள்ளை துணிக்குள் நெளியும், கை காலை உதறி வெளியே வரப் பார்க்கும். கட்டை அவிழ்க்கும் காலம் அது.