கொலம்பியா ‘மாவட்டம்’ அன்று, தலைநகர்ப்புலம்

‘கொலம்பியா மாவட்ட மக்களுக்கு அமெரிக்கக் காங்கிரசில் வாக்கு இல்லை.’ அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யைப் பற்றிய இந்த வரியைப் படிக்கும் தமிழர் எவரும் அடுத்துக் கேட்பது, அந்த மாவட்டம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதுதான். எந்த மாநிலத்திலும் இல்லை. சிக்கலே அதுதான். ‘மாவட்டம்’ என்ற சொல் அதைத்தான் மூடி மறைக்கிறது.

‘டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா’ என்ற ஆங்கிலப் பெயரிலுள்ள ‘டிஸ்ட்ரிக்ட்’ லத்தீன் வழிச் சொல். மூலப்பொருள் இறுக்கிப் பிடித்தல், கட்டுப்படுத்தல். இடைக்காலத்தில் ஒரு பிரபுவின் அதிகாரம் செல்லும் நிலத்தை அது குறித்தது.

மாவட்டம் அப்படியா? ஜில்லாவை விரட்டிய நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் வட்டங்கள் சேர்ந்தால் மாவட்டம், மாவட்டங்கள் சேர்ந்தால் மாநிலம் என்ற ஏணியில் அது நடுப்படி. கொலம்பியாவுக்கு மேலே மாநிலம் என்ற படியே கிடையாது. அரசமைப்பின் முதல் உறுப்பு, 8ஆம் பிரிவு, மாநிலங்கள் விட்டுக்கொடுத்த நிலத்தில் சட்டமியற்றும் முழு அதிகாரத்தையும் காங்கிரசிடம் தருகிறது. (அங்கே நிலத்தின் உச்ச அளவு பக்கத்துக்குப் பத்து மைல், அதாவது 100 சதுர மைல். இதையும் ‘10 சதுர மைல்’ என்று எழுதிவிடுகிறார்கள்.)

அதே உறுப்பின் 2ஆம் பிரிவு, பிரதிநிதிகள் அவையை ‘மாநிலங்களின் மக்கள்’ தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது. கொலம்பியா மாநிலமன்று, ஆகவே அதன் மக்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 2000இல் ஆடம்ஸ் எதிர் கிளின்டன் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா மாநிலம் விட்டுக்கொடுத்திருந்த அலெக்சாண்ட்ரியா பக்கம் 1846-47இல் அதற்கே திரும்பியதும், அங்குள்ளவர்கள் மறுபடி மாநில மக்களானார்கள், வாக்கும் திரும்பியது. மாநில எல்லைக் கோடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே உரிமையைத் தீர்மானிக்கிறது. இதை ‘மாவட்டம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

‘மாவட்டத்தை மாநிலமாக்கக் கோரிக்கை’ என்ற தலைப்பு இன்னும் மோசம். தெலங்கானா போல ஒரு மாநிலத்திலிருந்து பிரிந்து போகக் கேட்கிறார்கள் என்றே நம் வாசகர் கொள்வார்.

தூய தமிழ் தேடுவோர், பழந்தமிழக நிலப்பிரிவுப் பெயர்களான ‘கூற்றம்’, ‘கோட்டம்’ என்பார்கள். கூற்றத்தில் ‘கூறு’ இருக்கிறது, மறுபடி பங்குதான். கோட்டத்தை வருவாய்த் துறையும் மின்வாரியமும் எடுத்துக்கொண்டன. ‘பிரதேசம்’, ‘ஆட்புலம்’ இரண்டும் குவாம் தீவு போன்ற, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட நிலங்களுக்குத் தேவை. அவற்றின் சட்டநிலை வேறு. புலம்பெயர்ந்தோர் என்னும்போது எல்லார் வாயிலும் வருகிற ‘புலம்’ போதும். அது எதன் பங்கும் அன்று. கொலம்பியா தலைநகர்ப்புலம் என்று எழுதலாம்.

‘வாக்குரிமை இல்லை’ என்பதும் பிழை. அரசமைப்பின் 23ஆம் திருத்தத்தால் 1964 முதல் அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் மூவர் உண்டு. பிரதிநிதிகள் அவைக்கும் ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம், மசோதாவின் இறுதி வாக்கெடுப்பில் வாக்கில்லை. செனட்டில் யாருமே இல்லை. முழு உறுப்பினர்கள் தர 1978இல் காங்கிரஸ் நிறைவேற்றிய திருத்தத்துக்கு 38 மாநிலங்கள் ஒப்ப வேண்டியிருந்தது. 1985இல் கெடு முடிந்தபோது ஒப்பியவை 16. ஆகவே ‘தலைநகர்ப்புல மக்களுக்குக் காங்கிரசில் வாக்குள்ள உறுப்பினர் இல்லை’ என்று எழுதுங்கள்.