நேற்று இல்லாத குருவி இன்று எப்படி வந்தது?

வசந்த காலத்தில் பறவை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் செய்திகளில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். ஒரு வாரமாக எல்லாரும் "ஒன்றும் இல்லை" என்றே எழுதிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில் ஏரிக்கரையில் நிற்கும் ஒருவர் புதர் முழுக்கக் கதிர்க்குருவி என்பார், பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் இந்த ஆண்டின் முதல் ஈப்பிடிப்பானைப் பார்த்துவிட்டேன் என்பார், பறவை பார்க்கவே கிளம்பாத மூன்றாமவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இதுவரை கேட்காத ஒரு குரல் கேட்பதாகச் சொல்வார். இவர்கள் பேசிவைத்துக்கொண்டு எழுதுவதில்லை. முந்தைய இரவு வானத்தில் நடந்த ஒரே விஷயத்தின் வெவ்வேறு ஓரங்களைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆமாம், இரவுதான். சிறிய பாடும் பறவைகளில் பெரும்பாலானவை இருட்டிய பிறகே வலசை, அதாவது பருவத்துக்கேற்ற இடமாற்றப் பயணம், கிளம்புகின்றன. இரவுக் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், விடாமல் சிறகடித்துச் சூடேறும் உடம்புக்கு அது நல்லது. வல்லூறு போன்றவற்றின் தொல்லையும் குறைவு. விடிந்ததும் கண்ணில் படும் பச்சையில் இறங்கிப் பகல் முழுக்கச் சாப்பிடலாம். தகைவிலான் போல பறந்துகொண்டே பூச்சி பிடிக்கிறவை மட்டும் பெரும்பாலும் பகலில் போகும், போகிற வழியிலேயே சாப்பாடும் ஆகிவிடும்.

சரி, கிளம்ப வேண்டிய காலம் வந்துவிட்டது என்று குருவிக்கு யார் சொல்வது? குளிர் குறைவதுதான் காரணம் என்று நமக்குத் தோன்றும். 1920-களில் கனடாவின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன் என்பவர் இதைச் சோதித்தார். உறைய வைக்கும் குளிர்காலத்தில் வெளியே கூண்டில் ஜுங்கோ என்ற குருவிகளை வைத்து, மின்விளக்கு போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். குளிர் அப்படியே இருந்தும் அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தம் வந்துவிட்டது போல வளர்ந்தன. பறவையின் உடல் பார்ப்பது பகலின் நீளத்தை என்று அதில் தெரிந்தது. ஆனால் நிலநடுக்கோட்டை ஒட்டிக் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைக்குப் பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை, அதற்கு உடலுக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அந்த நேரம் வந்ததும் ஹார்மோன்கள் மாறி, பறவை வெறிபிடித்தது போலச் சாப்பிடத் தொடங்கும். சுமார் 3 கிராம் எடையுள்ள செந்தொண்டை ஹம்மிங்பேர்ட் கொழுப்பைச் சேர்த்து எடையைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கிக்கொண்டு, மெக்சிகோ வளைகுடாவைச் சுமார் 800 கிலோமீட்டர் நிற்காமல் தாண்டுகிறது.

இந்தப் பருவத்தில் கூண்டில் இருக்கும் வலசைப் பறவை இரவில் தூங்காது, படபடத்துக்கொண்டே இருக்கும். 1966-இல் ஸ்டீபன் எம்லனும் அவருடைய தந்தையும் இதையே ஒரு கருவியாக்கினார்கள். காகிதத்தால் ஆன ஒரு புனல், அடியில் மை. பறவை எந்தப் பக்கம் போகத் துடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் காகிதத்தில் மை ஒட்டிய காலின் தடம் அதிகமாக விழும். இதை ஒரு கோளரங்கத்தில் வைத்து நட்சத்திரங்களை மாற்றி மாற்றிக் காட்டியபோது, குஞ்சுகள் வானம் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்று பார்த்தே வடக்கைக் கற்றுக்கொள்கின்றன என்பது தெரியவந்தது. இவ்வளவு எளிய பொருள்களை வைத்து இவ்வளவு பெரிய கேள்விக்கு விடை கண்ட சோதனைகள் அதிகம் இல்லை என்பேன்.

ஆக, நாள்காட்டி உடலில் இருக்கிறது. ஆனால் இன்று இரவா, நாளை இரவா என்பதைக் காற்று முடிவு செய்கிறது. வடக்கே போகிற பறவைக்குத் தெற்கிலிருந்து காற்று வீசினால் பாதி வேலை மிச்சம், அதனால் ஆயிரக்கணக்கானவை ஒன்றாகக் கிளம்பும். நடுவழியில் மழையோ குளிர்ந்த எதிர்க்காற்றோ மறித்தால் அத்தனையும் கிடைத்த இடத்தில் இறங்கிவிடும். மறுநாள் காலை ஒரே மரத்தில் பத்து வகைப் பறவைகளைப் பார்த்துப் பூரித்துப்போவோம். நமக்குத் திருவிழா மாதிரி இருந்தாலும் அவை களைத்து, பசித்து, வேறு வழியில்லாமல் இறங்கியவை. படத்துக்காக இன்னும் கொஞ்சம் கிட்டே போய் அவற்றைக் கிளப்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

முதலில் வந்து சேர்பவை பல இனங்களில் ஆண்கள். நல்ல இடத்தைப் பிடிக்க வேண்டும், பாடி அதைத் தனது என்று அறிவிக்க வேண்டும். பெண்கள் சில நாள் கழித்து வரும். முடிந்தால் ஆணா பெண்ணா என்பதையும் குறித்துவையுங்கள்.

இப்படிக் குறித்துவைத்த தேதிகள் என்ன ஆகும்? 1881-இல் அமெரிக்காவில் வெல்ஸ் குக் என்பவர் பறவை வந்த தேதிகளை ஊர் ஊராகக் கேட்டு வாங்கத் தொடங்கினார். 1970 வரை தொடர்ந்த அந்த வேலையில் 60 லட்சம் அட்டைகள் சேர்ந்தன, பெரும்பாலும் சாதாரண மனிதர்கள் கையால் எழுதியவை. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களை ஏற்றும், 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் என்ற இணையதளத்தில் 2021-க்குள் 100 கோடிப் பதிவுகள் சேர்ந்துவிட்டன.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. முதலில் பார்த்த தேதியைத்தான் எல்லாரும் ஆசையாகப் பகிர்வார்கள். பார்க்கிறவர்கள் பத்து பேரிலிருந்து ஆயிரம் பேரானால், பறவை முன்பு வந்த நாளிலேயே வந்தாலும் "முதல் தேதி" முன்னால் நகர்ந்துவிடும், ஏனென்றால் அவசரக்காரப் பறவை ஒன்று யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். இதைச் சரிசெய்ய ஒரு தகவல் தேவை: தேடிப் போயும் பார்க்காத நாள்கள். எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், கண்ணில் பட்ட எல்லா இனங்களையும் எழுதினீர்களா என்பது தெரிந்தால்தான் பட்டியலில் ஒரு பெயர் இல்லாததற்கும் அர்த்தம் வரும். அரிய பறவை ஒன்றைப் பார்த்த பரபரப்பான செய்தியைவிட, காகத்தையும் மைனாவையும் விடாமல் எழுதிய ஒரு முழுப் பட்டியலே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

தேதிக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து நெதர்லாந்துக்குத் திரும்பும் ஒரு கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பானைப் பாருங்கள். வெப்பம் கூடியதால் நெதர்லாந்தில் கம்பளிப்புழுக்கள் முன்னதாகவே பெருகத் தொடங்கிவிட்டன. அது ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவைக்கு எப்படித் தெரியும்? அதன் கடிகாரப்படி வந்து முட்டையிட்டு, குஞ்சு வாயைத் திறக்கும்போது புழு தீர்ந்துபோயிருக்கிறது. புழு மிக முன்னதாகப் பெருகிய காடுகளில் இந்தப் பறவைகள் இருபது ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்துவிட்டதாக 2006-இல் வந்த ஆய்வு காட்டியது.

இப்போது வானிலை ரேடார்களும் பறவைகளைப் பார்க்கின்றன. இரவில் எத்தனை பறவைகள், எந்த உயரத்தில், எந்தத் திசையில் போகின்றன என்பதை அவை மதிப்பிட்டுவிடும். என்ன பறவை என்று மட்டும் சொல்லத் தெரியாது. அதைச் சொல்வது விடிகாலையில் புதருக்கு முன்னால் நிற்கும் ஆள்தான். சிலர் விடியும்வரைகூடக் காத்திருப்பதில்லை, இரவிலேயே மொட்டை மாடியில் ஒலிவாங்கி வைத்துவிடுகிறார்கள். பல இனங்கள் இருட்டில் பறக்கும்போது ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே போகும். ஒரு நொடியில் சிறு பங்குதான் நீளும் மெல்லிய 'ட்ஸிப்' சத்தம் அது, இனத்துக்கு இனம் மாறும். காற்று சாதகமாக இருக்கும் இரவில் பத்து நிமிடம் பேசாமல் நின்றால், ஒலிவாங்கி இல்லாமலேயே தலைக்கு மேலே அது கேட்கலாம்.