கிணறு வெட்டினால் லாபம் யாருக்கு?

ஒரு நாடு செழிக்க, இன்னொன்று ஏன் பின்தங்குகிறது? சமூகத்தின் விதிகளும் அவற்றை நடத்தும் அமைப்புகளும்தான் பெரிய காரணம் என்று காட்டியதற்காக டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவருக்கும் 2024-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. இதற்கு எல்லோரும் இரண்டு கொரியாக்களைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மதுரையில் பஸ் ஏறிச் சிவகங்கையில் இறங்கினால் போதும்.

1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, சிவகங்கையில் தனக்கு வேண்டியவரை உட்கார வைத்து 1803-இல் நிரந்தர ஜமீன் சாசனம் கொடுத்தது. ஜமீன்தார் சர்க்காருக்குக் கட்டும் பேஷ்குஷ் என்ற தொகை மாறாது; குடியானவரிடம் எவ்வளவு கறப்பது என்பது அவர் சாமர்த்தியம். மதுரைப் பக்கம் பெரும்பாலும் அயன் கிராமங்கள், அதாவது ஜமீன் இல்லாமல் சர்க்காரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தவை. அங்கே ரயத்துவாரி: நிலக்காரர் பேரிலேயே பட்டா, கிஸ்தி என்ற நிலவரி நேராகச் சர்க்காருக்கு.

விதி எப்படி விளைச்சலைத் தொடுகிறது? ஜமீனில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கு உழும் ஒருவர் கிணறு வெட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடனும் உழைப்பும் முழுக்க அவருடையவை. கூடுதலாக விளையும் நெல்லிலோ ஜமீனுக்கும் பங்கு போய்விடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வெட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரியும்.

சரி, ஜமீன்தாராவது கண்மாயைத் தூர்வாரிக் கரையை உயர்த்தலாமே? 1829-இல் சிவகங்கை ஜமீன்தார் இறந்ததும் வாரிசுச் சண்டை தொடங்கியது. அவர் மகள் கட்டம நாச்சியாரின் வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல்தான் தீர்ப்பு வந்தது. நாளைக்கு ஜமீன் யார் கைக்குப் போகும் என்று தெரியாதவர் மடைக்குச் செலவழிப்பாரா?

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்ததே, மதுரை விளைந்ததற்கு அது காரணமில்லையா? கண்டிப்பாகக் காரணம். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து ஊர்களை மட்டும் ஒப்பிட்டு எதையும் நிரூபிக்க முடியாது. அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களையே பரப்பி வைத்துப் பார்த்தார்கள். எங்கே ஜமீன், எங்கே ரயத்துவாரி என்பதை மண்வளத்தைவிட, அந்தப் பகுதி எந்தக் காலத்தில் பிரிட்டிஷார் கைக்கு வந்தது, அப்போது தாமஸ் மன்றோ போன்ற அதிகாரிகளின் கொள்கை எப்படி இருந்தது என்பவையே பெரும்பாலும் தீர்மானித்தன. இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு மண்ணின் பங்கையும் விதியின் பங்கையும் பிரித்தார்கள். ஜமீன் முறை இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விவசாய முதலீட்டில் பின்தங்கியிருந்தன, பள்ளியிலும் மருத்துவத்திலும்கூட.

ரயத்துவாரி ஒன்றும் சொர்க்கமில்லை. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்ததை, சென்னை மாகாண அரசே அமைத்த விசாரணைக் குழு 1855-இல் எழுதி வைத்திருக்கிறது. பட்டாவில் பெயர் இருந்தும் தாசில் சேவகனின் அடிக்குத் தப்ப முடியவில்லை என்றால் விதி பாதிதான் வேலை செய்கிறது என்று பொருள்.

1948 சட்டம் ஜமீனை ஒழித்தது. ஆனால் விளைவு உடனே மறையவில்லை. பழைய ஜமீன் பகுதிகளில் அரசியல் பலம் நிலத் தகராறுகளிலேயே கரைந்தது, பள்ளிக்கும் சாலைக்கும் ஒன்றுகூடிக் கேட்கும் பழக்கம் வளரவில்லை என்பது அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. மீதி பாதி கண்மாய்க் கரையிலேயே இருக்கிறது: சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அரசு ஏற்றுக்கொண்ட நீர்நிலைகளைப் பொதுப்பணித் துறை ‘முன்னாள் ஜமீன் கண்மாய்’ என்றே தனியாக வகைப்படுத்தியது. கரையும், மிகைநீர் வழியும் கலுங்கும் துறையின் தரத்துக்கு வர, முதலில் அவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது.